ரோஜாவை மூக்கால் வாங்குங்கள்

போன மாதக் கூட்டத்தில் டீ குடிக்கும் நேரத்தில் ஒரு தம்பி கேட்டார். "அக்கா, நாங்க பாரம்பரிய நெல்லைக் காப்பாத்த ஓடிக்கிட்டு இருக்கோம். நீங்க ரோஜாச் செடியைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க. ரோஜா சோறு போடுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் அடுத்த பேச்சுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

சோறு போடாது தம்பி. ஆனால் நம்ம சோற்றுக்கு என்ன நடந்ததோ, அதேதான் ரோஜாவுக்கும் நடந்தது. தக்காளி ருசி போன கதையை ஒருவருக்குப் புரியவைக்க நமக்கு அரை மணி நேரம் ஆகிறது. ரோஜாவில் அதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். கடைப் பூவை ஒரு கையில் கொடுங்கள். விஷம் அடிக்காமல் வீட்டில் வளர்த்த வாசமுள்ள பூவை இன்னொரு கையில் கொடுங்கள். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

ஒரு பொட்டலம் மருந்து

நான் இருப்பது பட்டாபிராம். நான் கல்யாணமாகி வந்தபோது வயலாகப் பார்த்த இடமெல்லாம் இன்றைக்கு வீடு. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் வீடு. எல்லாவற்றுக்கும் மேலே டைடல் பார்க் கட்டடம் நிற்கிறது. உழ ஒரு சென்ட் நிலம் எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. ஆனால் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் ஒரு துளசி, ஒரு கற்றாழை, ஒரு ரோஜா இருக்கும். பக்கத்து ஊர் பூந்தமல்லிக்குப் பேரே பூவிருந்தவல்லி. இந்தப் பக்கத்து மனுஷங்களுக்குப் பூ இல்லாமல் ஆகாது.

சுமார் பத்து வருடத்துக்கு முன்னால், செடி விற்கும் வண்டிக்காரரிடம் நூற்றிருபது ரூபாய் கொடுத்து ஒரு சிவப்பு ரோஜா வாங்கினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூ. வாசம் சுத்தமாக இல்லை. இருந்தாலும் அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது மாதம் மொட்டெல்லாம் விரியாமலேயே ஓரம் கருகிப் போனது. மருந்துக் கடையில் போய்ச் சொன்னேன். கடைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் கொட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். கவரில் பேர் இல்லை. அளவு கேட்டால், "ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் போடுங்கம்மா" என்றார்.

அப்போதே நான் இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிப்பவள்தான். கீரைக்கு அடிக்கமாட்டேன், கத்தரிக்கு அடிக்கமாட்டேன். ரோஜாவை என்ன சாப்பிடவா போகிறோம் என்று நினைத்து அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பேத்தி வாசலில் உட்கார்ந்து இதழைப் பிய்த்து மென்றுகொண்டிருந்தாள். மூன்று வயசு. பன்னீர் ரோஜா இதழைத் தின்னப் பழக்கியதே நான்தான். வாயைக் கழுவி, தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சீங்க?" எனக்குத் தெரியவில்லை. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பேர் எழுதி வாங்கி வரும்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருமகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பூச்சிமருந்து டப்பாவில் நான்கு நிறத்தில் முக்கோணம் போட்டிருப்பார்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. சட்டப்படி அது இல்லாமல் விற்கக்கூடாது. பொட்டலமாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த முக்கோணமும் போய்விடுகிறது, பேரும் போய்விடுகிறது. நகரத்து வீட்டுத் தோட்டத்துக்கு விஷம் வருகிற வழி இதுதான். அதில் பெரும்பங்கு ரோஜாவுக்காக வருகிறது என்பது என் அனுபவம். ஏனென்றால் நான் செய்த அதே நியாயத்தைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: சாப்பிடவா போகிறோம்?

சாப்பிடுவதில்லை, சரி. ஆனால் காய்கறியை முகத்தோடு ஒட்டி வைத்து மூச்சை ஆழமாக இழுக்கிறோமா? ரோஜாவை அப்படித்தான் செய்கிறோம். தலையில் வைக்கிறோம். சாமிக்குச் சார்த்திவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். குழந்தை கையில் கொடுக்கிறோம். காய்கறியில் இவ்வளவுக்கு மேல் மருந்து எச்சம் இருக்கக்கூடாது என்றாவது ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பூ அந்த உணவுக் கணக்கிலேயே வருவதில்லை.

பெல்ஜியத்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பூக்கடைகளில் வாங்கிய ரோஜா, ஜெர்பெரா, சாமந்திக் கொத்துகள் 90-ஐச் சோதித்தார்கள். எல்லாம் சேர்த்து 107 வகை மருந்துப் பொருள்கள் கிடைத்தன. மூன்று பூக்களில் அதிகம் மாசுபட்டிருந்தது ரோஜாதான். பூவைக் கையாளும் கடைக்காரர்களின் கைவழியாக அந்த மருந்து உடம்புக்குள் போகும் ஆபத்தைத்தான் அவர்கள் முக்கியமாகப் பார்த்தார்கள். நம் ஊரில் பூ கட்டும் அக்காமார்களின் விரல்களை நினைத்துப் பாருங்கள்.

வாசம் எங்கே போச்சு?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14-க்கு வெளிநாடுவரைக்கும் போகிறது. அந்த விவசாயிகளை நான் குறை சொல்லவில்லை. சந்தை அவர்களிடம் கேட்பது காம்பு எவ்வளவு நீளம், குவளையில் எத்தனை நாள் நிற்கும், பெட்டியில் அடுக்கினால் கசங்குமா, இவ்வளவுதான். வாசம் உண்டா என்று மொத்த வியாபாரி கேட்பதில்லை. கேட்காத குணத்தை வளர்ப்பவர் ஏன் காப்பாற்ற வேண்டும்? வருஷக்கணக்கில் காம்புக்கும் உழைப்புக்கும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், வாசம் பின்னால் நின்றுவிட்டது. லாரியில் அடிபடாத தக்காளியைத் தேர்ந்தெடுத்தபோது ருசி பின்னால் நின்றதே, அதே கதை.

பிரான்சு விஞ்ஞானிகள் 2015-இல் இதன் ஒரு முடிச்சை அவிழ்த்தார்கள். பாப்பா மெய்யான் என்று ஒரு கருஞ்சிவப்பு ரோஜா, வாசத்துக்குப் பேர்போனது. ரூஜ் மெய்யான் என்று இன்னொன்று, வாசம் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாசமுள்ள பூவில் சுறுசுறுப்பாக வேலை செய்த ஒரு மரபணு, வாசமில்லாத பூவில் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. ரோஜா மணத்தின் முக்கியப் பொருளான ஜெரானியால் உருவாக அந்த மரபணு தரும் நொதி தேவை.

இதில் நம்மவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இயற்கை உரம் போட்டால் பூவுக்கு வாசம் வரும் என்று நம் கூட்டங்களிலேயே சிலர் சொல்கிறார்கள். வராது. வாசம் இல்லாத ரகத்துக்குப் பஞ்சகவ்யத்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் வாசம் வராது. வாசம் ரகத்தில் இருக்கிறது. செடி தெம்பாக இருந்தால் இருக்கிற வாசம் முழுசாக வெளியே வரும், அவ்வளவே. செய்ய முடியாததைச் செய்யும் என்று சொல்லிவிட்டால், செய்ய முடிந்ததையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், ரோஜாவைக் கண்ணால் வாங்காதீர்கள், மூக்கால் வாங்குங்கள்.

"ஹைப்ரிட்" என்றதும் பதற வேண்டாம்

வாசமுள்ள பெரிய ரோஜாக்களில் பலவும் ஹைப்ரிட் டீ வகை. ஒரு காம்புக்கு ஒரு பூ, நீண்ட மொட்டு, திருகித் திருகி விரியும் இதழ். சீனாவிலிருந்து போன டீ ரோஜாவையும் ஐரோப்பாவில் வளர்ந்த ரோஜாவையும் கலந்து வந்தது. பூவில் தேயிலை வாசம் அடித்ததால் டீ ரோஜா என்று பேர் என்பார்கள். 1867-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் குய்யோ என்ற நாற்றங்கால்காரர் வெளியிட்ட லா பிரான்ஸ் என்பதைத்தான் முதல் ஹைப்ரிட் டீ என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன ரோஜாக்கள் கொடுத்தது.

"ஹைப்ரிட்டை எதிர்க்கிற இயக்கம், ஹைப்ரிட் ரோஜாவை வளர்க்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் எதிர்ப்பது கலப்பை அல்ல. விவசாயி வருஷா வருஷம் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டிய நிலைமையைத்தான் எதிர்க்கிறோம். ஹைப்ரிட் மக்காச்சோள விதையை எடுத்து வைத்து அடுத்த போகம் விதைத்தால் தாய் மாதிரி வராது. ரோஜா அப்படி இல்லை. குச்சி வெட்டி நட்டாலும், மொட்டுக் கட்டினாலும் தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே. 1867-இல் பூத்த லா பிரான்ஸ் இன்றைக்கும் அதே லா பிரான்ஸ்தான். மதில் சுவருக்கு மேலே ஒரு குச்சியை நீட்டினால் போதும், பக்கத்து வீட்டுக்கு ரகம் போய்விட்டது.

இந்தச் சுலபம்தான் கம்பெனிகளுக்கு உறுத்தியது. செடிக்குக் காப்புரிமை கொடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1930-இல் கொண்டுவந்தது. அடுத்த வருஷம், 1931-இல், உலகத்தின் முதல் செடிக் காப்புரிமையைப் பெற்றது எது தெரியுமா? ஒரு ரோஜா. நியூ டான் என்ற கொடிரோஜா. விதைக்கு உரிமை கொண்டாடும் வேலை இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது ரோஜாத் தோட்டத்திலிருந்து கிளம்பியது. நம் நாட்டில் 2001-ஆம் வருடச் சட்டம் விதையை எடுத்து வைக்க, மாற்றிக்கொள்ள விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பழகிப் பார்க்க ரோஜாக் குச்சி ஒரு நல்ல ஆரம்பம். கிரிம்சன் குளோரி 1935, மிஸ்டர் லிங்கன் 1964, டபுள் டிலைட் 1977. வாசமுள்ள பழைய ரகங்கள் இவை. எல்லாம் காப்புரிமைக் காலம் தாண்டியவை.

நம் நாட்டு ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். டாக்டர் பி. பி. பால், கோதுமை விஞ்ஞானி. 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனவர். பசுமைப் புரட்சி ஆரம்பித்த காலத்து நிர்வாகம் அவருடையது. அந்த வழியோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அதே மனிதர் வாழ்நாள் முழுக்க ரோஜா வளர்த்தார், புது ரகங்களை உருவாக்கினார், இந்தியாவில் ரோஜா வளர்ப்பது பற்றி 1966-இல் ஒரு புத்தகமே எழுதினார். தேசத்தின் கோதுமையைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கு ரோஜாவுக்கும் நேரம் இருந்தது. நெல்லா ரோஜாவா என்று அவர் கேட்கவில்லை. நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

எங்கள் மண்ணில் எப்படி வளர்க்கிறேன்

முதல் செடி வைக்கிறவர்களுக்கு என் யோசனை: பன்னீர் ரோஜாவில் ஆரம்பியுங்கள். சொந்த வேரில் நிற்கும், குச்சியில் பிடிக்கும், வெயில் தாங்கும், வாசமும் உண்டு. அது ஒரு வருஷம் உங்கள் கையில் நின்றால் அடுத்தது ஹைப்ரிட் டீ வாங்குங்கள். ஹைப்ரிட் டீ செல்லப்பிள்ளை. மண்ணில் தப்பு இருந்தால் முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

வாங்கும்போது பூத்திருக்கிற செடியாக, காலை வேளையில் போய் வாங்குங்கள். வெயில் ஏற ஏற வாசம் பறந்துவிடும். அத்தர் காய்ச்சுகிறவர்கள் விடிகிற நேரத்திலேயே பூப் பறிப்பது அதனால்தான். பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். நம் பக்கம் வரும் செடிகள் ஓசூர், பெங்களூரு, ஆந்திராவின் கடியம் என்று எங்கெங்கிருந்தோ வருகின்றன. ரகத்தின் பேர் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாசம் இருந்தால் சரி. பேர் தெரிந்து தேடுகிறவர்கள், மேலே சொன்னவற்றோடு டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த மிருணாளினி என்ற இளஞ்சிவப்பு ரகத்தையும் கேட்டுப் பாருங்கள். டபுள் டிலைட் பூவின் வெளி இதழில் வெயில் பட்டால்தான் சிவப்பு ஏறும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒரு கொடுப்பினை.

வாங்கிய செடியின் வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். அப்படியே புதைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அரை மணி நேரம் தண்ணீரில் வைத்து, வேர் அறாமல் ஓரத்து மண்ணைக் கரைத்து விடுங்கள். பட்டாபிராமில் பல தெருக்களில் களிமண். மழைக்குத் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரையில் வைத்திருந்த என் மூன்று செடியும் அழுகிப் போயின. மாடிப்படி ஓரத் தொட்டியில் இருந்தவை பிழைத்தன. அதிலிருந்து ரோஜா எனக்குத் தொட்டிச் செடிதான். பதினைந்து அங்குலத் தொட்டி, செங்கல் மேல் தூக்கி வைத்தது. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க் கழிவோ ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழேயிருந்து கிளம்பும் போத்தை உடனே கிள்ளிவிடுங்கள். அது அடிச்செடியின் கிளை. விட்டால் மேல்செடியைத் தின்றுவிடும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். காலை வெயில் உத்தமம். சித்திரை, வைகாசியில் மட்டும் மதியத்துக்கு மேல் நிழல் கொடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இலை மட்டும் வெளிறும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து வாரம் ஒருமுறையாவது ஊற்றுங்கள். தொட்டி மேல் காய்ந்த இலை, தென்னை மட்டை போட்டு மூடாக்கு இடுங்கள்.

உணவு: பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊறிப் புளித்த கடலைப்புண்ணாக்குக் கரைசல், நன்றாகத் தண்ணீர் கலந்து. இடையில் பஞ்சகவ்யம், லிட்டருக்கு முப்பது மில்லி. டீத்தூளும் முட்டை ஓடும் போட்டால் ரோஜா பூத்துக் குலுங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முட்டை ஓடு மக்கவே மாதக்கணக்காகும். சர்க்கரை போட்ட டீயின் சக்கையைக் கொட்டினால் எறும்புதான் வரும். இரண்டையும் உரக்குழியில் போடுங்கள், செடியில் வேண்டாம்.

இனி பூச்சி. மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் அது இலைப்பேன். எனக்கு அன்றைக்கு அந்த வெள்ளைப் பொடியை வாங்க வைத்ததும் இதுதான். கருகிய மொட்டைக் கிள்ளி மூடின கவரில் போட்டு எறியுங்கள். நீலநிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். பேன் வந்து ஒட்டும். வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், வாரம் ஒருமுறை. சாயங்காலம் மட்டும் அடியுங்கள். மதிய வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும், காலையில் அடித்தால் தேனீக்கு ஆகாது. இயற்கை மருந்து என்பதால் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றில்லை. கோடையில் இலை அடியில் செஞ்சிலந்தி வலை கட்டினால், மருந்தைத் தேடாதீர்கள். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், தொடர்ந்து நாலு நாள். மழைக்காலக் கரும்புள்ளிக்கு அந்த இலையைப் பறித்து அப்புறப்படுத்துவதுதான் முதல் வைத்தியம். பனிக்காலச் சாம்பல் நோய்க்குப் புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. நுனியிலிருந்து கிளை கறுத்துக்கொண்டு இறங்கினால், பச்சை தெரியும் இடம்வரை வெட்டிச் சாணமும் மஞ்சளும் குழைத்துப் பூசுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் சில மொட்டு போகும். பத்தில் இரண்டு போனால் போகட்டும். கண்காட்சிக்கா அனுப்பப் போகிறோம்?

கவாத்துக் குச்சியைக் குப்பையில் போடாதீர்கள்

நம் வெயிலுக்கு என்றே ரோஜா உருவாக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்று காட்டியவர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவன், மனைவி கிரிஜாவோடு சேர்ந்து பல பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். ஐரோப்பாவின் குளிருக்காகப் பிறந்த ரோஜாக்களை நாம் இங்கே மருந்து அடித்து உயிரோடு வைத்திருக்கிறோம். அதற்குப் பதில் நம் மண்ணின் காட்டு ரோஜாவைக் கலந்து, சூட்டைத் தாங்கும் ரகம் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழி. மணிப்பூர் மலைகளில் வளரும் ஜைகாண்டியா, வங்காளத்தில் தண்ணீர் நிற்கும் தாழ்வில் வளரும் கிளைனோபில்லா, இரண்டையும் எடுத்துக் கலந்தார்கள். ஒரு ரோஜாவுக்குத் தாவரவியல் அறிஞர் ஈ. கே. ஜானகி அம்மாள் பேரை வைத்தார்கள். தண்ணீர் தேங்கும் எங்கள் ஊருக்கு, வெள்ளத்தில் வளரும் ரோஜாவின் வாரிசு ஒன்று வாசத்தோடு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நெல்லில் நாம் தேடுவதும் அதைத்தானே, வெள்ளம் தாங்குவது, வறட்சி தாங்குவது?

அதுவரை நம் கையில் இருப்பதைப் பெருக்குவோம். எங்கள் பக்கம் பெருமழை ஓய்ந்து, மார்கழி பிறக்கும்போது கவாத்து செய்கிறோம். ஹைப்ரிட் டீயில் காய்ந்தது, மெலிந்தது எல்லாம் நீக்கி, நல்ல கிளையில் ஐந்தாறு கண் விட்டு வெட்டினால், ஆறு ஏழு வாரத்தில், தை முடிவதற்குள் பூ வந்துவிடும். அன்றைக்கு வெட்டிப் போடுகிற பென்சில் கனக் குச்சிதான் அடுத்த செடி. சோற்றுக் கற்றாழைச் சாற்றில் தோய்த்து, மணலும் எருவும் கலந்த பையில் நட்டு நிழலில் வையுங்கள். ஹைப்ரிட் டீயில் பத்துக் குச்சி வைத்தால் எனக்கு நாலு பிடிக்கிறது. பன்னீர் ரோஜாவில் எட்டு. மொட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் பன்னீர் ரோஜாவின் மேலேயே ஹைப்ரிட் டீ கண்ணை வைத்துக் கட்டலாம்.

இயக்கத்துக்கு என் கோரிக்கை இது. நம் விதைத் திருவிழாக்களில் நெல்லுக்கு மேசை இருக்கிறது, கத்தரிக்கு இருக்கிறது, கிழங்குக்கு இருக்கிறது. ஓரமாக ஒரு மேசையை வாசமுள்ள பூச்செடிகளுக்கு ஒதுக்குங்கள். வேர் பிடித்த ரோஜாக் கன்றை வைப்போம். பக்கத்திலேயே ஒரு பூவையும் வைப்போம், முகர்ந்து பார்க்க. நெல் வாங்க வராத ஆட்கள் அந்த மேசைக்கு வருவார்கள். அடுக்குமாடி வீட்டுப் பெண்கள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ரோஜாவுக்கு விஷம் அடிக்காமல் ஒரு வருஷம் இருந்து பார்த்தவர், கத்தரிக்காய்க்காரரிடம் "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்க ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் சந்தையில் பெருகாமல், உங்கள் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு யார் தம்பி நியாயமான விலை கொடுப்பார்கள்?

பேத்திக்கு இப்போது பதிமூன்று வயசு. இப்போதும் இதழைப் பிய்த்து வாயில் போடுகிறாள். பன்னீர் ரோஜாவும் வெல்லமுமாக வெயிலில் வைத்த குல்கந்து பாட்டிலில் பாதியைக் காலி செய்பவளும் அவள்தான். நான் தடுப்பதில்லை.

வரும் மார்கழிக் கவாத்தில் என்னிடம் மூன்று ரகத்தில் முப்பது குச்சி தேறும். பிடிக்கிற கன்றை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று எடுத்து வைத்திருப்பேன். அவர் வீட்டில் அம்மா இருப்பார், மனைவி இருப்பார். நெல்லுக்கு நடுவில் ஒரு தொட்டிக்கு இடம் இருக்காதா?